கொசுத்தேனீயும் கொசுவும்

"வீட்டில் தேனீ வளர்க்க ஆசையாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகுமா? என்ன செலவு பிடிக்கும்?" என்று சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். ஆகும் அம்மா, தாராளமாக ஆகும். ஆனால் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

நாங்கள் இருப்பது பட்டர்வொர்த்தில், பாகான் ஆஜாம் பக்கம் ஒரு தாமானில். முன்னால் காடி நிறுத்தும் இடம், பின்னால் ஒரு மாமரம், கோழிக் கூண்டு அளவுக்கு மண் தரை. இவ்வளவுதான் என் எஸ்டேட்! 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம், 'ஙொய்' என்று ஒரு சத்தம். வெளியே வந்து பார்த்தால் தண்ணீர் மீட்டருக்கு மேலே, கம்பிக் கதவின் மூலையில், பலாப்பிஞ்சு அளவுக்குத் தேனீக்கள் திரண்டு தொங்குகின்றன. என் வீட்டுக்காரர் உடனே தொலைபேசியை எடுத்துவிட்டார், ஆள் கூப்பிட்டு அழித்துவிடலாம் என்று. நான்தான் தடுத்தேன். குலிமில் இருக்கும் என் தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன். தோட்டத்தில் வளர்ந்தவன், இதெல்லாம் அவனுக்குக் கைவந்த காரியம்.

சாயங்காலம் ஒரு பழைய பலகைப் பெட்டியோடு வந்தான். முகத்தில் கொசுவலைத் துணி, கையில் கோழி இறகு. "நீ தள்ளி நில்லுக்கா. ராணி உள்ள போயிட்டா மத்ததெல்லாம் பின்னாலேயே நடந்து போயிடும்" என்றான். அப்படியேதான் நடந்தது. கூட்டத்தை இறகால் வருடிப் பெட்டிக்குள் தள்ளியதும், கீழே சிதறியவை கூடப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக வாசலுக்குள் நுழைந்தன. நான் மெய்ம்மறந்து நின்றேன். அவனுக்கு ஏழு கொட்டு, எனக்கு ஒன்று.

கொட்டினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கொடுக்கு தோலிலேயே நின்றுவிடும், அதனோடு விஷப்பையும் இருக்கும். கிள்ளி எடுக்கப் பார்த்து நேரத்தைக் கடத்தாமல், நகத்தால் சுரண்டிச் சட்டென்று தள்ளிவிடுங்கள். சுண்ணாம்பு வைப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் உதடு வீங்கி, மூச்சுத் திணறி, தலை சுற்றினால் சுண்ணாம்பு டப்பாவைத் தேடக் கூடாது, நேரே மருத்துவமனைதான்.

அன்று முதல் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. காலையில் பசியாறும் முன்னே மூடியைத் திறந்து ஒரு பார்வை. பகலில் ஒரு பார்வை. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் அவர்களுக்கு ஒரு காட்சி. வெள்ளை வெளேரென்று புது மெழுகில் நான்கு அடை கட்டிவிட்டன. தினமும் தட்டில் சீனித் தண்ணீர் வைத்தேன், அதற்கு எறும்பு வந்தது. பெட்டி மேற்குப் பார்த்து இருந்தது, மாலை வெயில் நேராக அடித்தது. பத்தொன்பதாம் நாள் காலையில் மூடியைத் திறக்கிறேன், ஒரு தேனீ இல்லை. நான்கு அடையும் அப்படியே தொங்குகின்றன. ஒரு துளி தேன் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் பறந்துவிட்டன!

விமானச் சத்தம்தான் காரணம் என்றார் இவர். எங்கள் தலைக்கு மேல் போர் விமானம் பறப்பது புதிதல்ல. பட்டர்வொர்த் தளத்திலிருந்து கிளம்பும் எஃப்-18 விமானத்துக்கே 'ஹார்னெட்' என்றுதான் பெயர், அதாவது குளவி. தேனீக்குக் குளவி பரம்பரை எதிரி என்பதால் வாதம் பொருத்தமாகத்தான் இருந்தது! தம்பி வந்து பார்த்துவிட்டு, "குளவியுமில்ல ஒண்ணுமில்ல. நீ ஒரு நாளைக்கு மூணு தடவை அதுங்க வீட்டுக் கூரையைக் கழட்டினா எது தங்கும்?" என்றான்.

அவன் சொன்னதே சரி. நம் ஊர்ப் பொந்துத் தேனீயின் குணம் அது. சீமைத் தேனீயைப் போலப் பொறுத்துப் போகாது. எறும்பு, வெயில், மெழுகுப்பூச்சி, தீனிப் பஞ்சம், ஓயாத தொந்தரவு, இதில் எது மிஞ்சினாலும் குடியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். அதிலும் புதிதாக வந்த கூட்டத்துக்கு விட்டுப் போக மனம் வராதபடி உள்ளே முட்டையும் புழுவும் நிறைய இருக்காது. அனுபவசாலிகள் வேறு பெட்டியிலிருந்து புழு உள்ள ஓர் அடையை எடுத்துக் கட்டிவிடுவார்களாம். பிள்ளை இருக்கும் வீட்டை விட்டுப் போக அதற்கும் மனம் வராது. இது எனக்குத் தெரிந்தபோது பெட்டி காலி.

தோட்டத்து வாசகர்களுக்கு இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பால்மரம் இலை கொட்டித் துளிர்க்கும் மாதங்களில் காட்டில் தேனீ இரைந்துகொண்டிருக்கும், நினைவிருக்கிறதா? என் அம்மா பால் வெட்டப் போகும்போது, "மரம் பாடுது" என்பார். பூவுக்குத்தான் வருகின்றன என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பூவைவிட இலைதான் காரணம். மூன்று இலைகளும் காம்பில் சேருமிடத்தில் சின்னச் சின்ன முடிச்சு இருக்கும், அதில் இனிப்பு நீர் சுரக்கும். தளிர் இலையில்தான் அதிகம். கன்னியாகுமரி மாவட்டத்தில் தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டம் இருக்கிறதே, அங்கே சேரும் தேனில் பெரும்பங்கு இந்த ரப்பர் இலை கொடுப்பதுதான். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் அந்த ஊரில் ஏழைக் குடும்பங்களுக்குக் கைத்தொழில் சொல்லிக் கொடுக்க வந்தார், அதில் தேனீ வளர்ப்பும் ஒன்று. வீட்டுக்கு வீடு பெட்டி வைத்த ஊர் அது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் ஒரு வைரஸ் நோய் வந்து, புழுக்கள் தண்ணீர்ப் பையாக மாறிச் செத்து, தென்னிந்தியா முழுவதும் பெட்டிகள் காலியாயின. ஆனாலும் மிஞ்சிய கூட்டங்களை வைத்து மறுபடி பெருக்கி எழுந்துவிட்டார்கள். என் ஒரு பெட்டி போனதற்கு நான் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது செம்பனைதான். செம்பனைப் பூவில் மகரந்தம் உண்டு, தேன் இல்லை. முன்பெல்லாம் பெண்கள் தோளில் டப்பாவை மாட்டிக்கொண்டு பூவுக்குப் பூ மகரந்தத் தூள் ஊதுவார்கள். 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அந்த வேலையை அது எடுத்துக்கொண்டது. சரி, வண்டுக் கதை இன்னொரு நாளைக்கு.

பெட்டி போன துக்கம் ஆறி, 2022இல் மறுபடி ஆசை துளிர்த்தது. இந்தத் தடவை கெலுலூட். தமிழில் கொசுத்தேனீ என்பார்கள். கொடுக்கு இல்லாத இனம், சீண்டினால் கடிக்கும், தலைமுடிக்குள் புகுந்து பிசினைப் பூசிவிட்டுப் போகும், அவ்வளவுதான். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். இன்னொரு சௌகரியம், இது ஓடிப்போகாது. முட்டையிடத் தொடங்கிய ராணிக்கு வயிறு பருத்துவிடும், அதன் பிறகு அதனால் பறக்க முடியாது. ராணியை விட்டுவிட்டுக் கூட்டம் எங்கே போகும்?

கெடாவில் ஒரு கம்பத்துப் பாக்சிக்கிடம் கூடுள்ள இரண்டு மரக்கட்டைகள் வாங்கினேன். ஒவ்வொன்றும் சில நூறு வெள்ளி. இவரிடம் ஒன்றின் விலையை மட்டும்தான் சொன்னேன்! கட்டையின் தலையில் ஒரு சின்னப் பெட்டி பொருத்தியிருக்கும். குஞ்சு குடும்பமெல்லாம் கீழே கட்டைக்குள், தேன் மேலே பெட்டிக்குள். வாசலுக்குப் பிசினால் ஒரு குழாய் கட்டி, அதன் விளிம்பில் காவல்காரர்கள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்பார்கள். இருட்டிய பிறகு வாயைத் துணியால் அடைத்து, காடியின் பின் இருக்கையில் வைத்துக் கொண்டுவந்தோம். ஒன்றை முன்வாசலில் சாக்கடை ஓரம் வைத்தோம், ஒன்றைப் பின்னால் மாமரத்தடியில்.

அதிலும் தப்பு செய்யாமலில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் காடி கழுவுவதற்காக முன்வாசல் கட்டையை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தார். மாலையில் பார்த்தால் மேய்ந்துவிட்டு வந்தவை எல்லாம் பழைய இடத்தில், ஒன்றுமில்லாத காற்றில், சுற்றிச் சுற்றிப் பறக்கின்றன. பக்கத்திலேயே வீடு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. இடத்தைத்தான் அவை மனப்பாடம் செய்கின்றன, கட்டையை அல்ல. திரும்ப எடுத்து வைத்ததும் ஐந்து நிமிடத்தில் எல்லாம் உள்ளே.

தீனிக்குக் கொடிரோஜா வைத்தேன், மலாய்க்காரர்கள் 'ஆயிர் மாத்தா பெங்காந்தின்' என்பார்களே, அந்த இளஞ்சிவப்புக் கொடி. வருஷம் முழுக்கப் பூக்கும். எதிர்வீட்டுப் பெலிம்பிங் மரம், தெருமுனைத் தென்னை, எல்லாம் நமக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். தேன் மட்டும் போதாது, கூடு கட்டப் பிசின் வேண்டும். எங்கள் மாமரத்தில் கிளை வெட்டிய இடத்தில் வடியும் பாலுக்கு அவை போடும் போட்டியைப் பார்க்க வேண்டும்!

நான்காம் மாதம் மேல்பெட்டியைத் திறந்தோம். திராட்சைக் குலை போலச் சின்னச் சின்னக் குடங்கள், புளியங்கொட்டை நிறத்தில். ஒவ்வொரு குடத்தையும் குத்தி, இரவல் வாங்கிய சின்னப் பம்பினால் உறிஞ்சினோம். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது. மாமியார் ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "கெட்டுப்போச்சு, புளிக்குது" என்றார்கள். கெடவில்லை, அதன் ருசியே அதுதான். இதில் தண்ணீர் அதிகம். சாதாரணத் தேனில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் நீர் இருக்கக் கூடாது என்பது கணக்கு. கெலுலூட் தேனுக்கென்றே 2017இல் மலேசியத் தர நிர்ணயம் ஒன்று வந்தது, அதில் முப்பத்தைந்து பங்கு வரை அனுமதி. அதனால்தான் சீக்கிரம் நுரைக்கும். நான் ஒரு பாட்டிலை இறுக மூடி அடுப்படி அலமாரியில் வைத்தேன். பத்தாம் நாள் ராத்திரி 'டப்' என்று சத்தம், மூடி ஒரு மூலையில், தேன் கூரையில்! குளிர்பெட்டியில் வையுங்கள், மூடியைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள்.

இந்தத் தேனில் டிரெஹாலுலோஸ் என்ற அபூர்வ சர்க்கரை இருப்பதாக 2020இல் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். அது இரத்தத்தில் மெதுவாகத்தான் கலக்கும். அதற்காக இனிப்புநீர்க்காரர்கள் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. இன்னொன்று, பிறந்த பிள்ளைக்குத் தேனில் சேனை வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. எந்தத் தேனானாலும் சரி. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கிவிடும். பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு மாதமாக யோசித்தேன்.

2023 டிங்கி வருஷம். நாடு முழுவதும் 120,000 பேருக்கு மேல் காய்ச்சல் கண்ட வருஷம் அது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவின் மகன், எட்டு வயது, என் தேனீக்களைப் பார்க்கத் தினமும் வேலியோரம் வந்து நிற்பவன், காய்ச்சலில் விழுந்தான். மூன்றாம் நாள் இரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கி மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாள் சாயங்காலம் எங்கள் தாமானுக்குப் புகை அடிக்க வந்தார்கள். யாருக்காவது டிங்கி என்று தெரிந்தால் அந்த வீட்டைச் சுற்றி இருநூறு மீட்டருக்கு அடிப்பார்கள், அது முறை. அறிவிப்புத் தாள் ஒட்டியிருந்தார்களாம், நான் பார்க்கவில்லை. புகை தெருமுனைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தேனீ ஞாபகம் வந்தது. பின்னால் ஓடி மாமரத்தடிக் கட்டையின் வாயை முந்தானையால் பொத்தினேன். முன்வாசலுக்குப் போக நேரமில்லை.

விடிந்து பார்த்தால் முன்வாசலில் கடுகு கொட்டிய மாதிரி இருந்தது. கூட்டிப் பெருக்கி ஒரு முறத்தில் அள்ளினேன். உள்ளே கொஞ்சம் உயிர் இருந்தது. ஆனால் வாசல் காக்க ஆளில்லாத வீட்டில் எறும்பும் ஒரு வகைக் கூன் ஈயும் புகுந்தன, இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்தது.

எனக்குக் கோபம் வரவில்லையா என்றால், வந்தது. யாரிடம் காட்டுவது? படுக்கையில் கிடப்பது எட்டு வயதுப் பிள்ளை.

அதைவிடப் பெரியது பிறகு வந்தது. புகை அடித்த மறுநாள், கொசுப்புழு தேட இரண்டு பேர் வீடு வீடாக வந்தார்கள். பூச்சாடித் தட்டு, கூரைத் தாரை, குளிர்பெட்டியின் பின்புறம் எல்லாம் பார்த்துவிட்டுக் கட்டை நின்ற இரும்புக் காலடியில் டார்ச் அடித்தார்கள். எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலையும் ஒரு மீன் டின்னில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றியிருந்தேன். இரண்டு கட்டைக்குமாக ஆறு டின். அதில் ஐந்தில் ஜெந்திக்-ஜெந்திக் நெளிந்தது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழெட்டு நாள் போதும். நான் அந்தத் தண்ணீரை மாற்றி எத்தனை வாரமாகிறது என்று எனக்கே தெரியவில்லை. தினமும் குனிந்து தேனீயைப் பார்த்தவள், அதற்கு ஒரு சாண் கீழே பார்க்கவில்லை. ஐந்நூறு வெள்ளி அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

பணம் போனது பெரிதல்ல. அன்று இரவு இவரிடம் கூடச் சொல்லாமல் அழுதேன். பையன் ஆறாம் நாள் நல்லபடியாக வீடு திரும்பினான். நான் ஒரு சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு போய், அந்த அக்காவிடம் டின் விஷயத்தை என் வாயாலேயே சொல்லிவிட்டேன். அபராதச் சீட்டையும் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய், அலமாரியிலிருந்து தம் சீட்டை எடுத்து வந்து என் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் வீட்டுப் பின்புறம் கிடந்த பழைய டயரில் எடுத்தார்களாம். யார் வீட்டுக் கொசு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இப்போது என் கட்டைகளின் காலில் தண்ணீர் இல்லை. இரும்புக் காலைச் சுற்றிக் கெட்டியாக மசகு பூசி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துடைத்துப் புதிதாகப் பூசுகிறேன். டின்தான் வேண்டுமென்றால் பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றுங்கள், மேலே மழை படாமல் மறைப்பும் வையுங்கள். பூச்சாடித் தட்டுகளை எல்லாம் எடுத்து எறிந்துவிட்டேன். புகை அடிப்பார்கள் என்று தெரிந்தால், இருட்டியதும் எல்லாம் உள்ளே வந்த பிறகு குழாய் வாயை மெல்லிய வலைத்துணியால் கட்டி, ஈரச் சாக்கைப் போர்த்தி, மறுநாள் புகை நன்றாகக் கலைந்ததும் அவிழ்க்கிறேன். சாயங்காலப் புகையானால் வெளியே இருப்பவை போகத்தான் போகும். கூடு தப்பிக்கும்.

மாமரத்தடிக் கட்டை பிழைத்துக்கொண்டது. இதில் ஒரு முட்டை தேனீயாக வெளிவர ஏறக்குறைய ஒன்றரை மாதம் பிடிக்கும், அதனால் ஆள் கூடித் தேற நாளாயிற்று. அந்த வருஷம் தேனே எடுக்கவில்லை. அடுத்த வருஷம் எடுத்தபோது மூன்றில் ஒரு பங்கை மழைக்காலத்துக்கென்று அவற்றுக்கே விட்டுவிட்டேன். முதல் தடவை ஆசையில் துடைத்து எடுத்ததும் ஒரு பிசகுதான், அதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

போன மாதம் சாயங்காலம் சமையலில் இருந்தேன். வேலிப்பக்கம் ஒரே கூச்சல். "ஆன்ட்டி! ஆன்ட்டி! அசாப்! அசாப்!" என்று அந்தப் பையன், இப்போது நன்றாக வளர்ந்துவிட்டான், சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருகிறான். மூன்று தெரு தள்ளிப் புகை அடிக்கிறார்களாம். நான் வலைத்துணியைத் தேடி எடுத்துப் பின்னால் போவதற்குள், அவன் வேலியேறிக் குதித்து, சாக்கைக் குழாயடியில் நனைத்துக்கொண்டிருந்தான்.